பதினோராவது கம்பம்

வாங்க, இப்படி வேப்பமரத்து நெழல்ல உக்காருங்க. புது வண்டிங்களா? ரொம்ப சந்தோசம். மாலை கூட வாடல, ஷோரூம்ல இருந்து நேரா இங்கதான் வந்திருக்கீங்களாட்ட இருக்குது. குருக்கள் உள்ளதான் இருக்காரு, ஆனா இப்பப் பூசை போட மாட்டாருங்க. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருது. பன்னெண்டுக்குத்தான் விடும், பன்னெண்டரைக்கு நடை சாத்திருவோம். நடுவுல இருக்கற அரை மணி நேரத்துல அம்சமா முடிச்சுக் குடுத்தர்லாம், அவசரப்படாதீங்க.

நானுங்களா? இந்தக் கோயில் கமிட்டிச் செயலாளருங்க, பேரு சென்னியப்பன். பன்னெண்டு வருசமா இந்தச் சோலியத்தான் பாக்கறேன். எங்க சாமிக்குப் பேரே தடம் பாத்த புள்ளையாருங்க. ரோட்டப் பாத்து உக்காந்திருக்காரு. சுத்துவட்டாரத்துல எங்க வண்டி எடுத்தாலும் மொதப் பூசை இங்கதான் போடுவாங்க. முகூர்த்த நாள்னா நாப்பது வண்டி நிக்கும்.

வண்டி அங்கயே நிக்கட்டுங்க. மூஞ்சி கோயிலப் பாத்து, வாசலுக்கு நேரா நிறுத்தியிருக்கீங்க, அதான் மொறை. தள்ளி நிறுத்தட்டுமான்னா கேட்டீங்க? வேண்டாங்க. புது வண்டிய மொத மொத பின்னால எடுக்கக் கூடாது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெப்போம், அத நசுக்கிட்டு சாமியப் பாத்து ஒரு நாலடி முன்னால போகோணும். அதுக்கப்பறம் எப்படி வேணும்னாலும் திருப்பிக்கலாம். ஊட்டுக்காரம்மாதான் ஓட்டப் போறாங்களா? அது இன்னும் விசேசம், மகாலட்சுமி கையால எடுக்கற மாதிரி. லைசென்ஸ் வாங்கி மூணு மாசமா? அதெல்லாம் தாராளமாப் போதும், நாலடி ஓட்டறதுக்கு என்ன வேணும்.

கம்பத்தையே பாக்கறீங்க. எல்லாரும் பாப்பாங்க. காவியும் வெள்ளையுமா பட்டை அடிச்சு, அக்கட்டால அஞ்சு, இக்கட்டால அஞ்சு, எப்படி நிக்குது பாருங்க. இந்தப் பக்கத்துல எந்தக் கோயில் பார்க்கிங்லயும் இப்படித் தடுப்புக் கம்பம் கெடையாதுங்க. நான் அலைஞ்சு திரிஞ்சு தேர்ந்தெடுத்தது. நடுவுல மட்டும் ஏன் காலியா இருக்குதுன்னு கேக்கறீங்களா? அந்தக் காலி எடத்துக்கு நேரா, வாசப்படிக்குக் கீழ சாக்கு விரிச்சு, பூக்கூடையோட ஒரு புள்ள உக்காந்திருக்குதே, கஸ்தூரின்னு பேரு. அதோட அம்மா நாச்சம்மா போன ஆவணியில அதே எடத்துலதான் காரு ஏறி செத்துப் போனா. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. ஊர் வாய மூட உலைமூடி இல்ல. நீங்க எங்கிட்டயே கேட்டுட்டுப் போயிருங்க.

பயப்படாதீங்க, நான் சொல்றதக் கேட்டீங்கன்னா உங்களுக்கே விளங்கும். என் மேல ஒரு தப்பும் இல்லீங்க.

மொதல்ல கம்பமே இல்லாம இருந்ததுங்க. வெறும் தார்த் தரை, அதுக்கப்பறம் ஆறடி எடம், அப்பறம் வாசப்படி. அந்த ஆறடி எடத்துலதான் பூக்கடை, தேங்காய்க் கடை, செருப்பு ஸ்டாண்டு எல்லாம். மூணு வருசத்துக்கு முன்னால காங்கேயத்துக்காரரு ஒருத்தரு புது வண்டியில எலுமிச்சம்பழத்த நசுக்கறேன்னு வந்து செருப்பு ஸ்டாண்டையே நசுக்கிட்டாரு. ஸ்டாண்டுக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அன்னைக்கே கமிட்டியக் கூட்டி, இனி சும்மா இருக்கப்படாது, தடுப்புக் கம்பம் நட்டே ஆகோணும்னு தீர்மானம் போட்டது யாருங்க? இந்தச் சென்னியப்பந்தான். அத யாரும் பேச மாட்டாங்க.

கம்பம்னா சும்மா இல்லீங்க, அதுல எத்தன தினுசு இருக்குது தெரியுங்களா? கோயமுத்தூர்ல பெரிய மால்ல போயிப் பாத்தேன். மஞ்சக் கலர்ல பிளாஸ்டிக்ல வச்சிருக்கான். வண்டி மோதுனா வளைஞ்சு குடுத்துட்டுத் திருப்பி நிமுந்துக்குது. பாக்கறதுக்கு அழகு. ஆனா அது வண்டிக்கு அடி படாம இருக்கறதுக்குங்க, மனுசனுக்கு இல்ல. எங்க கமிட்டியில ஒருத்தரு, தோட்டத்து வேலியில கெடக்கற கல்லுக்காலப் புடுங்கி நட்டர்லாம், செலவே இல்லைன்னாரு. இன்னொருத்தரு ரெண்டு கம்பத்த நட்டு சங்கிலி போட்டாப் போதும்னாரு. நான் யாரையும் எதுத்துப் பேசறவன் இல்லீங்க, எல்லாரையும் அனுசரிச்சுப் போறவன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டு நேரா சேமலை பட்டறைக்குப் போனேன்.

சேமலைங்கறவன் நம்ம ஊருதான், வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். வாய் கொஞ்சம் நீளம், ஆனா தொழில்காரன். அவஞ் சொன்னான், அண்ணா, கல்லுக்கால் மோதுனா ஒடைஞ்சு செதறும், அந்தக் கல்லே ஆளக் கொன்னுரும். சங்கிலி கம்பத்தப் பேத்துட்டு வந்துரும். ஆறு இஞ்சு இரும்புப் பைப்பு, ஏழடி நீளம். மூணடி மண்ணுக்குள்ள, நாலடி வெளிய. சுத்தியும் காங்கிரீட்டு, பைப்புக்குள்ளயும் காங்கிரீட்டு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நாலடி, அதுக்கு மேல ஒரு இஞ்சு விடாதீங்கன்னான். சொன்னது மட்டுமில்ல, பட்டறைக்குப் பின்னால மாதிரிக்கு ஒண்ணு நட்டு வச்சிருந்தான், டிராக்டர ரிவர்ஸ்ல விட்டு அது மேல மோதிக் காட்டுனான். டிராக்டர் கொக்கி வளைஞ்சுது. கம்பம் அசையலீங்க. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. இதுதாண்டான்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். அளந்து பாத்ததுல பதினொண்ணு வேணும்னு வந்துது. ஒத்தப்படை, லட்சணமான எண்ணிக்கை.

கோயில்ல ஒரு பொருள் வந்தா உபயம் எழுதாம இருக்க முடியுங்களா? டியூப்லைட்டுக்கே எழுதறோம், வெளிச்சமே வராத அளவுக்கு. சதுர்த்தி அன்னைக்கு மைக்குல சொன்னேன், ஒரு கம்பத்துக்கு ஒரு உபயதாரர், எவர்சில்வர் தகட்டுல பேரு வெட்டி ஒட்டித் தரப்படும்னு. மூணே நாள்ல ஆள் சேந்துருச்சுங்க. அங்க பாருங்க, ஒவ்வொண்ணுலயும் தகடு மின்னுதில்ல. இக்கட்டால மூணாவது நம்ம சம்பந்தியோடது.

சிக்கல் நடுக் கம்பத்துல வந்துது. பதினொண்ணுல ஆறாவது, வாசலுக்கு நேரா வருமுங்க. சாமி கண்ணத் தொறந்தா அந்தப் பேர்லதான் முழிப்பாரு. ரைஸ்மில் நாட்ராயன் அது எனக்குன்னாரு. கோழிப்பண்ணை பெரியதம்பி அது எனக்குன்னாரு. ரெண்டு பேரும் பங்காளிங்க. ஒரு கெணத்துத் தகராறுல பேச்சுவார்த்தை இல்லாம இருபது வருசமாச்சு. இவரு ஊட்டு விசேசத்துக்கு அவரு வர மாட்டாரு, அவரு ஊட்டு எழவுக்கு இவரு போக மாட்டாரு. ஆனா கோயிலுக்கு ரெண்டு பேருமே தூண் மாதிரி.

நான் படாத பாடு பட்டேனுங்க. ஒரே தகட்டுல ரெண்டு பேரையும் போட்டர்லாம்னேன். யாரு பேரு மேலன்னாங்க. பக்கத்துல பக்கத்துலன்னேன். யாரு வலது பக்கம்னாங்க. சரி, முன்னால ஒரு பேரு, பின்னால ஒரு பேருன்னேன். சாமியப் பாத்த பக்கம்தான் எனக்குன்னு ரெண்டு பேரும் நிக்கறாங்க. ரோட்டப் பாத்த பக்கம் வேணுங்கறவன் ஒருத்தனும் இல்ல. பேரே இல்லாம நட்டர்லாம்னு பாத்தா, எங்களுக்கு இல்லாதது யாருக்கும் இல்லைன்னு ஆக்கிட்டயான்னு ரெண்டு பேருமே எம்மேல பாய்வாங்க.

சேமலைதான் ஒரு ரோசனை சொன்னான். அண்ணா, பன்னெண்டா நட்டுருங்க, எடத்தக் கொஞ்சம் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம், நடுவுலன்னு ஒண்ணு வரவே வராது, அக்கட்டால ஆறு இக்கட்டால ஆறுன்னான். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ரெட்டைப்படையில கோயில் காரியம் பண்ணுவாங்களா? அவனுக்கு அந்த அளவுக்குத்தான் அறிவு. மெசினத் தெரியும், மொறை தெரியாது.

கடேசியா நாந்தான் ஒரு வழி பண்ணுனேன். நடுக் கம்பம் நடறதில்ல. பத்து போதும். சாமிக்கும் தடத்துக்கும் நடுவுல மறைப்பு இருக்கப்படாது, புள்ளையாரோட பார்வை நேரா வண்டி மேல விழுகோணும்னு மைக்குல சொல்லிட்டேன். ரெண்டு பங்காளிக்கும் மனசு ஆறிப் போச்சு. நாட்ராயனுக்கு இல்லைன்னாலும் பரவால்ல, பெரியதம்பிக்கும் இல்லயில்ல. குருக்களும் தலையாட்டிட்டாரு. பத்து ரெட்டைப்படைதானேங்கறீங்களா? கணக்குக்கு அந்த லைட்டுக் கம்பத்தயும் சேத்துக்கிட்டோமுங்க.

சேமலை விடல. கயித்தக் கொண்டாந்து நடுவுல புடிச்சு அளந்தான். அண்ணா, எட்டடி இருக்குது, காரு அகலம் ஆறடிதான், ஒரு கம்பம் நடாம விட்டீங்கன்னா மீதிப் பத்தும் அலங்காரத்துக்குத்தான்னான். வண்டியெல்லாம் நேரா அங்கதான நிக்குது, வர்றதும் நேராத்தான வரும்னான். கம்பம் நாலடிதான், சாமி மேடையே அஞ்சடி இருக்குது, எப்படி மறைக்கும்னு வேற கேட்டான். எத்தன பேரு முன்னால தெரியுங்களா? கமிட்டி மொத்தமும் நிக்குது. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. உன்ற வேலை பைப்பு நடறது, சாமிக்கு எது மறைக்கும் மறைக்காதுன்னு சொல்றதுக்கு நீ யாருன்னு கேட்டுப்புட்டேன். அவன் கயித்தச் சுருட்டிட்டுப் போயிட்டான். பதினோராவது கம்பம் இன்னும் மடப்பள்ளிக்குப் பின்னால கெடக்குதுங்க. குருக்கள் அதுலதான் வேட்டி காயப் போடறாரு.

மணி என்னங்க? பதினொண்ணு இருபதா. இருக்குது நேரம். மோர் குடிக்கறீங்களா? வேண்டாமா, சரி.

போன ஆவணியில தாராபுரத்துப் பக்கம் ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு. மகன் வாங்கிக் குடுத்த வண்டி, கியர் இல்லாதது. உங்களதும் அப்படித்தானுங்களா? ஆமா, இப்ப எல்லாம் அதுதான வருது. அன்னைக்கு எலுமிச்சம்பழம் நல்ல பெரும் பெரும் பழம், நானே பொறுக்கி எடுத்துக் குடுத்தேன். அவரு மெதுவா விடறாரு, வண்டி பழத்துல முட்டிட்டு நிக்குது. இன்னும் கொஞ்சம் அழுத்தறாரு, நிக்குது. நாங்கெல்லாம் அழுத்துங்க, அழுத்துங்கன்னோம். அழுத்திட்டாரு.

நீங்க நம்ப மாட்டீங்க, ரெண்டு கம்பத்து மேலயும் ஒரு கீறல் விழலீங்க. பெயிண்ட்டு கூடப் போகல. அந்த எட்டடிக்குள்ள அளவெடுத்து விட்ட மாதிரி நேராப் போயி வாசப்படியில முட்டி நின்னுது. நாச்சம்மா கால நீட்டி உக்காந்து கதம்பம் கட்டிக்கிட்டு இருந்தா. அவ எந்திரிச்சிருக்கலாம். கண்ணு முன்னால வண்டி வருதுல்ல, ஒரு எட்டு தள்ளிப் போயிருக்கலாமில்ல. என்னமோ, விதி. மூணு நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. நாலாம் நாள் கொண்டாந்தாங்க.

வாத்தியாரு பாவமுங்க. தரையில உக்காந்துட்டாரு, எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. ஐயா, நீங்க வேணும்னேவா பண்ணுனீங்க, எல்லாம் கெரகம்னு நாந்தான் தேத்தி அனுப்புனேன். அன்னைக்கு இன்னும் ஏழு வண்டி பூசைக்கு நின்னுக்கிட்டு இருந்துது. தண்ணி ஊத்திக் கழுவி, புண்ணியாகம் பண்ணி, எல்லாத்துக்கும் பூசை முடிச்சுத்தான் நடை சாத்துனோம். ஒருத்தரையும் திருப்பி அனுப்பலீங்க. அது யாருக்குத் தெரியுது?

எனக்கு வருத்தம் இல்லைன்னா நெனைக்கறீங்க? நாச்சம்மா எனக்குத் தங்கச்சி மொறை ஆகோணும். பதினாலு வருசமா இங்க பூ வித்தா. நெதமும் காலைல எனக்குன்னு ஒரு மொழம் மல்லி எடுத்து வச்சிருவா, ஊட்டுக்குக் குடுங்கண்ணான்னு. எழவுக்கு மொத ஆளாப் போயி நின்னேன். அங்க என்ன நடந்துது தெரியுங்களா? சேமலை எல்லாரு முன்னாலயும் என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நான் என்னமோ ஏத்திக் கொன்ன மாதிரி.

அடுத்த நாள் காலைல வந்து பாக்கறேன், கடப்பாறைய எடுத்துட்டு வந்து அவனாவே குழி வெட்டிக்கிட்டு இருக்கான். நடுவுல. முட்டளவு வெட்டிட்டான். யாரக் கேட்டுடா வெட்டறேன்னேன். யாரையும் கேக்கல, நான் நட்டுட்டுப் போறேன், உங்க பேரு, எம் பேரு எதுவும் வேண்டாம்ங்கறான். கோயில் எடத்துல கமிட்டித் தீர்மானம் இல்லாம எப்படிங்க நட முடியும்? இன்னைக்கு இவன் கம்பம் நடுவான், நாளைக்கு இன்னொருத்தன் செலையே நடுவான். நிறுத்துடான்னேன். நிறுத்திட்டான். கடப்பாறைய அங்கயே போட்டுட்டுப் போனவன் இன்னைக்கு வரைக்கும் கோயில் பக்கம் வரலீங்க. பொங்கலுக்குக் கூட வரல. நான் அவன ஒரு கெட்ட வார்த்தை பேசல, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது.

குழியா? குழிய மூடிட்டோம். புது வண்டி வர்ற எடத்துல குழி வெட்டி வச்சிருந்தா பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்?

நீங்க கேக்கறது புரியுதுங்க. இப்பவாச்சும் நட்டா என்னன்னு. நட்டர்லாம்னுதான் பாத்தேன். பங்காளிங்க ரெண்டு பேர்த்தையும் தனித்தனியாப் போயிப் பாத்தேன். முன்ன ரெண்டு பேரும் எனக்குத்தான்னு நின்னாங்க, இப்ப ரெண்டு பேரும் எனக்கு வேண்டாங்கறாங்க. உசுரு போன எடத்துல எம் பேரு எதுக்குங்கறாரு நாட்ராயன். அதையே பெரியதம்பியும் சொல்றாரு. இருபது வருசத்துல ரெண்டு பேரும் ஒரு வார்த்தையில ஒத்துப் போனது அதுல மட்டுந்தான். வேற யாரக் கேட்டாலும் ஐயோ சாமின்னு ஓடறாங்க. வர்ற மாசி கும்பாபிசேகம் முடியட்டும், கமிட்டியில வச்சுப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்.

என்னது, நீங்க தர்றீங்களா? உபயமா? உங்க நல்ல மனசு யாருக்கு வருமுங்க. ஆனா வெளியூர்க்காரரு பேரு வாசலுக்கு நேரா இருந்தா உள்ளூர்ல பேசுவாங்க. பேரே வேண்டாங்கறீங்களா? அதத்தான் சேமலையும் சொன்னான். அது சரிப்பட்டு வராதுங்க. நீங்க வேணும்னா அன்னதானத்துக்குக் குடுங்க, போர்டுல பேரு எழுதிரலாம்.

அந்தப் புள்ள கஸ்தூரிய எத்தன நேரமாப் பாக்கறீங்க. பாவம்தான். வேற ஆளா இருந்தா கடை எடத்த ஏலம் விட்டிருப்பான். நான் விடல. அம்மா உக்காந்த எடம் மகளுக்குத்தான்னு கமிட்டியில அடிச்சுப் பேசி வாங்கிக் குடுத்தேன். யாவாரத்துக்கு அதவிட நல்ல எடம் கெடையாதுங்க, உள்ள போறவங்க எல்லாரும் அவளத் தாண்டித்தான் போகோணும். அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணோணும்? நாலு வார்த்தை நல்லதாச் சொல்லோணுமில்ல. மாமா, செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மூலையில எடம் குடுத்தாப் போதும்னு வந்து நின்னுது. அங்க போயி யாரு கண்ணு உங்கிட்டப் பூ வாங்குவான்னு திட்டி அனுப்புனேன். அப்ப அந்தக் கம்பத்தையாவது நட்டுக் குடுங்கன்னுது. ரெண்டு தடவ கேட்டுது. அப்பறம் கேக்கறதில்ல. எங்கிட்டப் பேசறதே இல்ல. எனக்குன்னு ஒரு மொழம் பூ எடுத்து வெக்கறதும் இல்ல.

இன்னொண்ணு பண்ணிக்கிட்டு இருந்துது. வண்டிய ஸ்டார்ட்டு பண்ற சத்தம் கேட்டாப் போதும், கூடைய அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் படி மேல ஓடிரும். ஒரு நாளைக்கு இருபது தடவ. புது வண்டி எடுக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்? நல்ல காரியம் நடக்கறப்ப எதுத்தாப்புல ஒருத்தி எந்திரிச்சு ஓடறா. அபசகுனமில்லையா? ஒரு திருப்பூர்க்காரரு பூசையே வேண்டாம்னு திரும்பிப் போயிட்டாரு. அதுவுமில்லாம உக்காந்திருந்தாச் சாமி பார்வைக்கு மறைக்காது, எந்திரிச்சா மறைக்குதுங்க. அதனால கண்டிசனாச் சொல்லிட்டேன். தீபாராதனை காட்டி வண்டி நகந்து முடியற வரைக்கும் எடத்த விட்டு அசையக் கூடாது, அசைஞ்சா எடம் கெடையாதுன்னு. இப்ப உக்காந்துக்குது. கண்ண மூடிக்குது, ஆனா உக்காந்துக்குது.

எங்கங்க எந்திரிச்சிட்டீங்க? இன்னும் நேரம் இருக்குதே. ஓ, பன்னெண்டு ஆயிருச்சா. பேச்சு வாக்குல தெரியவே இல்ல. குருக்களே, வாங்க, ராகு விட்டாச்சு. தேங்காய எடுத்துக்கங்க. சந்தனம், குங்குமம் எல்லாம் தட்டுல இருக்குது.

என்னங்க யோசிக்கறீங்க? நீங்க ஓட்டறீங்களா? ஏனுங்க, அம்மணி பேர்ல எடுத்த வண்டி, அம்மணி சம்பாத்தியத்துல எடுத்த வண்டின்னு உங்க கூட வந்த மாமியா வந்ததுமே எங்கிட்டச் சொன்னாங்க. அது ஆசையா சீட்டுல ஏறி உக்காந்திருச்சு, பாருங்க மொகத்த, எவ்வளவு சந்தோசமா இருக்குது. இப்பப் போயி எறங்குன்னு சொன்னா மனசு சங்கடப்படாதா? கையால தள்றதா? புது வண்டியவா? நல்லாச் சொன்னீங்க போங்க. எல்லாரும் சிரிப்பாங்க. ஒண்ணும் ஆகாதுங்க. ஒரே எடத்துல ரெண்டு தடவ நடக்காது.

பழம் வெச்சாச்சா? நாலு சக்கரத்துக்கும் வெச்சாச்சு. அம்மணி, ஸ்டார்ட்டு பண்ணி வச்சுக்க. மெதுவா விடு. பழத்துல முட்டிட்டு நின்னா கொஞ்சம் அழுத்திக் குடு, பயப்படாத.

ஏனுங்க, அங்க எங்க போறீங்க? அந்தப் புள்ளகிட்ட என்ன பேச்சு? எந்திரிக்கச் சொல்றீங்களா? கஸ்தூரி, உக்காரு. அவரு வெளியூரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன், உக்காரு. ஆங், அப்படி. தங்கமான புள்ளைங்க, சொன்னாக் கேட்டுக்கும்.

கற்பூரம் ஏத்தியாச்சு. ஏனுங்க, நீங்களும் இப்படி வந்து வண்டிக்குப் பக்கத்துல நின்னு கும்புட்டுக்கங்க. அங்க ஏனுங்க நிக்கறீங்க? கம்பத்துக்கு நடுவுல போயி நட்ட நடுவுல நின்னுக்கிட்டு? ஏனுங்க, உங்களத்தான். வண்டியப் பாத்துத் திரும்பி நிக்கறீங்க, சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு. தள்ளி நில்லுங்க, பார்வை மறையுது. குருக்கள் கையில கற்பூரம் எரியுது, கை சுடுமில்ல. இந்தப் பக்கமாவது வாங்க, அந்தப் பக்கமாவது போங்க.

என்ன மனுசனோ, காதுல வாங்கவே மாட்டேங்கறாரு. பன்னெண்டரைக்கு நடை சாத்தோணும். அம்மணி, நீ அவரப் பாக்காத, சாமியப் பாரு. அவரு சும்மா வெளையாட்டுக்கு நிக்கறாரு. நீ எடு. வண்டி கிட்டக்க வந்தா தானா ஒதுங்கிக்குவாரு.